கோட்டுக் கொலருக்குள் மஞ்சள்

1988 செப்டெம்பர் 4, உடுப்பிட்டி

ஏஜென்ற் ஆள் அனுப்பியிருக்கிறான். ஒக்டோபர் இரண்டாம் கிழமை இவருக்குப் பயணம். மொஸ்கோ வரை விமானம், பிறகு எல்லையெல்லாம் காட்டுக்குள்ளால் நடந்து ஜெர்மனி. ஒரே ஒரு பை, அதுவும் முதுகில் மாட்டுகிற பை. குளிருக்குத் தடித்த உடுப்பு வேண்டும். ஊர் தெரிகிற அடையாளம் ஒன்றும் இருக்கக் கூடாது, தையற்கடை லேபல்கூட. எந்த நாடென்று தெரியாவிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்களாம்.

"வெள்ளைக்காரர் மாதிரி முதுகிலை பையைக் கொழுவிக்கொண்டு ஊர் பாக்கப் போறன்" என்று பகிடி விடுகிறார். கலியாணம் செய்து ஏழு மாதம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டெம்பர் 10

யாழ்ப்பாணம் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். எங்கள் வெக்கைக்குள் யார் சுவெற்றர் விற்கப் போகிறார்கள்? ஒரு கடையில் ஒன்று இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு மடித்தபடியே திருப்பிக் கொடுத்தேன். "நுவரெலியாவுக்கோ தங்கச்சி?" என்றார் கடைக்காரர். ஓம் என்றேன். சப்பாத்துக்குள் போட இரண்டு சோடி மேசு மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

செப்டெம்பர் 11

உடுப்புக் கிடைக்காவிட்டால் போக மாட்டார்தானே? இப்படி நினைக்கிற பெண்சாதி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செப்டெம்பர் 17

பருத்தித்துறையில் யாகோப்பர் என்று ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் கப்பலில் வேலை செய்தவர், மாமாவுக்கு, அதாவது இவருடைய தகப்பனுக்கு, பழக்கம். கேட்டதும் பெட்டிக்குள்ளிருந்து கருநீலக் கம்பளிக் கோட்டொன்றை இழுத்தெடுத்தார். நல்ல பாரம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "குளிர் காலாலைதான் பிள்ளை ஏறும். கால்மேசு நனைய விடவேண்டாமெண்டு சொல்லு."

கொண்டுவந்து அலுமாரிக்குள் என் கூறைச்சேலைக்கு அடியில் ஒளித்துவிட்டேன். "கிடைச்சதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

செப்டெம்பர் 21

காலையில் ஆமியின் சுற்றிவளைப்பு. சந்தியில் ஆம்பிளையள் எல்லாரையும் வெயிலுக்குள் குந்தவைத்திருந்தார்கள். இவரும் அதற்குள். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் பின்னேரம் நாலு மணிக்கு வந்தார். செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். நான் போய்க் கோட்டை எடுத்துவந்து மடியில் வைத்தேன்.

எப்போது கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. விளங்கியிருக்கும்.

ஒக்டோபர் 2

பழைய கன்வஸ் துணியில் பை தைத்து முடித்தேன். பிளேட்டால் லேபல் எல்லாம் வெட்டினேன்: சேட்டு, காற்சட்டை, மேசு. கோட்டில் இருந்ததும் போயிற்று. போட்டுக் காட்டச் சொன்னேன். கழுத்துவரை பொத்தான் பூட்டி, பையையும் மாட்டி, அடுப்படியில் வியர்த்து ஒழுக ஒழுக நின்றார். சிரித்துவிட்டேன். பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

ஒக்டோபர் 11

போய்விட்டார். சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் என்னால்தான். புது உடுப்பென்றால் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் யார் போட்டார்கள்? கோட்டு பழசுதான், ஆனால் அவருக்குப் புதுசுதானே? கை தன்பாட்டில் போய்க் கொலருக்குள், உள்பக்கம் வைத்துத் தைத்த சாம்பல் துணியில், பூசிவிட்டது. கண்டுவிட்டார். "அடையாளம் ஒண்டும் வேண்டாமெண்டெல்லோ சொன்னவன். என்ன வேலை பாத்தனீர்?" சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். சிவப்பாகிப்போனது. காயக் காயத் திரும்பவும் மஞ்சள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஈரக் கோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார். படலையில் திரும்பிப் பார்க்கவில்லை. பாழாய்ப்போன கை.

நவம்பர் 19

கடிதம்! மொஸ்கோவிலிருந்து.

"கோட்டை நித்திரையிலும் கழற்றுவதில்லை. கொலரை இழுத்து மூக்கை மூடினால் உம்முடைய மஞ்சள் மணக்கிறது. அண்டைக்குப் பேசினதை மனதில் வைக்காதேயும் மலர். நாளைக்கு நடை தொடங்குது."

இருபது தரம் வாசித்திருப்பேன்.

டிசெம்பர் 25

ஒன்றும் இல்லை.

1989 ஜனவரி 14

பொங்கினேன். ஒருவருக்குப் பொங்கினது, ஒரு பிடிதான். கூடப் போனவர்கள் ஜெர்மனி சேர்ந்துவிட்டார்களாம். கால் வீங்கி நடக்க முடியாமல் இவர் பின்தங்கினாராம், அடுத்த கூட்டத்தோடு வருவார் என்று விட்டுவிட்டு வந்தார்களாம். விட்டிட்டு வர எப்பிடி மனம் வந்தது உங்களுக்கு? ஒருத்தருக்கும் நிண்டு கூட்டிவரத் தோன்றேல்லையோ?

பெப்ரவரி 20

தபால்காரரின் சைக்கிள் மணி இப்போது எங்கள் படலையில் அடிப்பதில்லை.

மார்ச் 6

ஜெர்மனியிலிருந்து பரமலிங்கம் அண்ணை எழுதியிருக்கிறார். இவருடைய சிநேகிதர், இவர் போய்ச் சேரவேண்டியது அவரிடம்தான். அவர் எழுதினதை அப்படியே எழுதுகிறேன்.

"பனி கரையேக்கை எல்லைக் காட்டுக்குள்ளை ஒருவரைக் கண்டெடுத்திருக்கினம். முகம் பாத்துச் சொல்லேலாது. எந்த உடுப்பிலும் ஒரு லேபலும் இல்லாதபடியால் எந்த நாட்டு ஆளெண்டே பொலிசுக்குத் தெரியேல்லை. நான் தேடிப் போய்க் கேட்டபடியால் உடுப்பை எனக்குக் காட்டினவை. கருநீலக் கோட்டு. கொலருக்குள்ளை மஞ்சள் கறை ஒண்டு கிடக்கு, அது என்னெண்டு அவைக்கு விளங்கேல்லை. தங்கச்சி, அது நீர் பூசினதோ? ஓமெண்டால் தந்தி அடியும். இல்லாட்டி பேரில்லாமல் புதைச்சுப்போடுவினம்."

மார்ச் 7

தந்தி அடிக்காவிட்டால் அது அவர் இல்லை. உலகத்தில் மஞ்சள் பூசுகிற பெண்சாதி நான் ஒருத்தியோ? எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் கால் வீங்கிப் படுத்திருக்கலாம். இருக்கக் கூடாதோ?

மார்ச் 8

கூறைச்சேலையை எடுத்துப் பார்த்தேன். அதற்கடியில் நாலு நாள் கோட்டை ஒளித்து வைத்திருந்தவள் நான். இன்னும் எத்தனை நாள் ஒளிப்பது? பேரில்லாமலோ? என்ரை தியாகுவையோ?

மார்ச் 9

பருத்தித்துறைத் தபால் கந்தோருக்குப் போனேன். கிளாக்கர் தந்திப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஜெர்மனி விலாசம், கீழே ஒரே ஒரு சொல். "யெஸ் எண்டு மாத்தட்டோ?" என்று கேட்டார். வேண்டாம், ஓம் என்றே இங்கிலீசு எழுத்தில் அடியுங்கள், அண்ணைக்கு விளங்கும் என்றேன்.

முத்திரையைக் குத்திவிட்டு முகம் மலர நிமிர்ந்தார்.

"ஜெர்மனிச் சம்பந்தம் ஏதும் சரிவந்திட்டுது போலை. உங்கடை தங்கச்சியாருக்கோ?"

ஓம் என்றேன்.