கூட்டல் பாடத்தில் நான் செய்த தவறு

நேற்று பிம்ப்ரி பள்ளியிலிருந்து பழுதுபார்க்க வந்த டேப்லெட் ஒன்றைக் கையில் எடுத்தேன். திரை முழுக்க மஞ்சள் விரல் தடம், பிள்ளைகள் தின்ற அவல் போஹா வாசனை. துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "தொடைக்காதடீ, பசங்க எங்கெங்க தொட்டிருக்காங்கன்னு மொதல்ல பாப்போம்" என்பாய் நீ. நீ போய் இது இரண்டாவது மழைக்காலம்.

மராத்தி பேசும் ஊரில், வானவடி ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நீ இருந்திருந்தாலும் இதை நான்தான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். நடுநடுவே கிண்டல் செய்திருப்பாய்.

நம் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில், இரண்டாம் வகுப்புக் கூட்டல் பாடத்தை எழுதியவள் நான். அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சோதித்தவள் நீ. மற்றவர்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி சோதிப்பார்கள். நீ வகுப்பறைத் தரையில் சம்மணமிட்டு, ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒரு பீரியட் முழுக்க வாய் திறக்காமல் இருப்பாய். அலுவலகத்தில் அவ்வளவு வாயடிக்கும் உன்னால் அது எப்படி முடிந்ததென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தப் பிம்ப்ரி பள்ளியில் முதல் மாத முடிவில் மென்பொருள் ஒரு பட்டியல் தந்தது: கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள். ஆசிரியை அதை நம்பி, அவர்களைத் தனி வரிசையில் உட்கார வைத்துவிட்டார். அதில் சாயா என்றொரு சிறுமி. அவள் நோட்டில் ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை. அது உனக்கு உறுத்தியது, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய்.

திரையில் முப்பத்தெட்டும் இருபத்தேழும். நோட்டில் போடுவதைப் போலவே அவள் ஒன்றுகளைக் கூட்டி முதலில் ஐந்தைத் தொட்டாள், பிறகு பத்துகளைக் கூட்டி ஆறைத் தொட்டாள். ஆறு இடப்பக்கம் போய் அறுபத்தைந்து ஆகும் என்று நினைத்தாள். நான் செய்த விடைப்பெட்டியோ ஆறை வலப்பக்கம் ஒட்டி, ஐம்பத்தாறு என்று காட்டி, சிவப்புக் குறி போட்டது. மறுபடி போட்டாள், மறுபடி சிவப்பு. மூன்றாம் முறை ஏதோ ஓர் எண்ணைக் குத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாளாம்.

"அரே, அவ கரெக்டாதான் போடறாடீ. நம்ம பெட்டிதான் உல்டா" என்று போனில் சொன்னாய். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அந்த வாரம்தான் பள்ளியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "அப்டேட்ல சரி பண்ணிடறேன். ஸ்கூல்ல எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டேன். மேலாளரும் அதையேதான் சொன்னார். நீ கோபப்படவில்லை. "அப்டேட் டேப்லெட்டுக்குப் போகும். அந்தப் பொண்ணுக்கு யாரு சொல்றது?" என்றாய்.

மறுநாள் இருவரும் போனோம். ஆசிரியையிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நீ வகுப்பின் முன்னால் நின்று, தவறு எங்களுடையது, உங்கள் கூட்டல் சரி என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்க மராத்தியில் சொன்னாய். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அப்படியென்றால் நான் போட்டது சரியா என்று சாயா கேட்டாள். அவள் நோட்டை வாங்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாய். ஆசிரியை அந்த வரிசையைக் கலைத்து, பிள்ளைகளை அவரவர் பழைய இடத்துக்கு அனுப்பினார். பள்ளி நம்மை விடவில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. மேலாளர்தான் ஒரு மாதம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்னைப் போல் ஒருத்தியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

போன மாதம் என் பின்னப் பாடத்தில் ஒரு பிழையைக் கண்டேன். வேறு யாரும் கவனிக்கவில்லை, சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். பள்ளிக்குப் போய், வகுப்பின் முன்னால் நின்று, என் அரைகுறை மராத்தியில் சொன்னேன். பிள்ளைகள் என் மராத்தியைக் கேட்டுச் சிரித்தார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அன்று உனக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்திருக்கும். தவறு செய்தவள் நான், நின்று சொன்னவள் நீ. நான் வாசலைத் தாண்டி உன் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும்.