இறங்கிப் பழகாத கால்கள்

பசறை
19.01.2025

என்றும் என் நினைவிலுள்ள உங்களுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நானும் நம் மகள் பிரஷாந்தினியும் நலம். அவள் உங்களைக் கேட்டபடியே இருக்கிறாள்.

ஜூனில் அப்புத்தளையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறோம். இந்தமுறை நீங்களும் வாருங்கள். இப்போதே நடந்து பழகுங்கள். தினமும் கொஞ்சம், பேச முடிகிற வேகத்தில். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கிழமைக்குக் கிழமை சிறிது கூட்டினால் போதும். பிரஷர் மாத்திரையை மறக்க வேண்டாம்.

உங்கள்
சிவசக்தி


அப்புத்தளை
02.02.2025

சிவசக்திக்கு,

நலம்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, மலையேறிப் பள்ளிக்கூடம் போய், இன்று கணிதம் கற்பிக்கிறேன். எனக்கு நடக்கச் சொல்லித்தருகிறாயா? இரண்டு வருடத்துக்கு முன் இதே யாத்திரையில், கொஸ்லந்தையில் கால் ஓய்ந்து உட்கார்ந்தேன். "நீங்க பஸ்ல போங்க, எனக்கு நேத்திக்கடன் இருக்கு" என்று சொல்லிக் கூட்டத்தோடு போனவள் நீ. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேசிக்கொண்டே நடக்க வேண்டுமாம். யாரோடு? தேயிலைச் செடியோடா?

தினமும் விடிந்ததும் கீழே பெரகலவுக்குப் பஸ்ஸில் இறங்கி, அங்கிருந்து ஒரே மூச்சில் மேலே ஏறி வருகிறேன். கிழமைக்குக் கிழமை கூட்டுவதெல்லாம் எனக்குத் தேவையில்லை. உங்கள் எல்லோருக்கும் முன்னால் கதிர்காமத்தில் நிற்பேன்.

தயாபரன்


அப்புத்தளை
25.05.2025

சிவசக்திக்கு,

நீ சந்தோஷப்படு. யாத்திரைக்கு முன் ஒருமுறை நடந்தே இறங்கிப் பார்ப்போம் என்று நேற்றுப் புறப்பட்டேன். பெரகல சந்தியை எட்டுமுன்பே இரண்டு முழங்காலும் மடங்கிவிட்டன. வழியில் கடை வைத்திருக்கும் பலீல் நாநா தன் வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்.

"சேர், நாளெல்லாம் எறங்க பஸ்ஸு, ஏற காலு. கதிர்காமம் என்ன மலை உச்சியிலயா இருக்கு?"

கடையே சிரித்தது. எங்கள் ஊரில் ஏறுவதுதான் நடை; இறங்குவதை யாரும் நடையாகவே கருதுவதில்லை. கதிர்காமப் பாதை இங்கிருந்து வெல்லவாய வரை இறக்கம் என்று தெரிந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. சரி. நான் எழுதியதைப் படித்த உனக்குமா தோன்றவில்லை? ஒரு வரி எழுதியிருக்கலாம்.

டொக்டர் நடக்கவே கூடாது என்கிறார். நான் வரவில்லை. நீ போ. அது உனக்குப் பழக்கம்தானே.

தயாபரன்


பசறை
01.06.2025

என்னங்க,

எனக்குத் தோன்றியது. இறக்கத்தையும் பழகுங்கள் என்று எழுதி, பிறகு கிழித்துவிட்டேன். சொன்னால், சொல்லித்தர நீ யார் என்று மறுபடியும் கேட்பீர்கள் என்று பயம். அது என் தப்பு.

கொஸ்லந்தையில் நான் திரும்பிப் பார்க்கவில்லைதான். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் பேசாத வீட்டில் எப்படி இருப்பது? அதனால்தான் மகளிடம் வந்தேன்.

இந்த வருடம் நானும் போகவில்லை.

சிவசக்தி


அப்புத்தளை
08.06.2025

சிவசக்தி,

யாத்திரையை நிறுத்தாதே. நீ நின்றதற்கும் நான்தான் காரணம் என்று ஊர் பேசும். அந்தப் பழி எனக்கு வேண்டாம். கோபம் ஆறிவிட்டது என்றும் நினைக்காதே.

கதிர்காமத்திலிருந்து திரும்பும்போது நேரே பசறைக்குப் போகாமல் இங்கே வா. முழங்கால் தேறியதும் இறங்கிப் பழக வேண்டும். முதலில் கோயில் வளைவு வரை போதும், மெதுவாக. அடுத்த யாத்திரைக்கு ஒரு வருடம் இருக்கிறது. உன்னிடம் பேச நிறைய இருக்கிறது, பெரும்பாலும் குற்றச்சாட்டுகள். மூச்சு வாங்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

தயாபரன்