ஐந்தாவது பெயர்

2 ஜூலை 2007, திங்கள்

எதிர்வீட்டு பாலகுருவின் மகள் சுமலதாவுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம். அவள் அம்மா முத்தம்மாள் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். என் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள். தாண்டட்டும். அந்தப் பெண்ணின் பேரில் கேஸ் இருப்பது லட்டு தின்றவர்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது.

4 ஜூலை, புதன்

காக்கி போடாமல் ஒரு போலீஸ்காரர் வந்தார். பெயர் ராமலிங்கம். ஆஸ்பத்திரி வேலைக்கு ஆள் எடுக்குமுன் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுத வேண்டுமாம்.

"பொண்ணு எப்படிம்மா?"

"என்னப் போய்க் கேக்கறியா? என் மண்டைய ஒடச்ச கேஸ்ல அவ அஞ்சாம் எதிரி. ஸ்டேஷன்ல பாரு."

"பாத்துட்டுதான் வரேன். கேஸ் நிக்குதுன்னு எழுதிட்டா வேலை ஆர்டர் வராது. மாசக் கடைசி வரைக்கும் நான் பேப்பர வச்சிருக்கலாம். அதுக்கப்புறம் லிஸ்ட்ல அடுத்த பொண்ணு."

"அடுத்தவளும் பொண்ணுதான?" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

மருமகள் சந்திரகலா அடுப்படியிலிருந்து, "பாவம் அத்தை அது" என்றாள். இவளுக்கு ஊரில் எல்லாரும் பாவம். என் நெற்றி மட்டும் பாவமில்லை.

5 ஜூலை, வியாழன்

மறந்துபோகும் என்று எழுதவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

2004 அக்டோபர் 11, திங்கள். சுனாமிக்கு இரண்டரை மாதம் முன்பு. நான் கருவாடு காயவைக்கும் மணல் மேட்டில் பாலகுரு தன் வலையை விரித்தான். எடுடா என்றேன். அவனும், தம்பி கலைவாணனும், முத்தம்மாளும், கிழவி வீராயியும் சூழ்ந்துகொண்டார்கள். கல்லை எறிந்தது பாலகுரு. இடது புருவத்துக்கு மேலே.

மறுநாள் ஸ்டேஷனுக்கு எதிரில் மனு எழுதுகிறவர் கேட்டார். "அந்த வீட்ல மொத்தம் எத்தினி பேரு? எல்லாப் பேரையும் சொல்லு. தலை கூட இருந்தாதான் கேஸ் நிக்கும்." எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் கொடுப்பது வழக்கம். ஒருவன் அடித்தால் வீட்டோடு மனுவில் ஏறும். நான் ஐந்து பெயர் சொன்னேன்.

நாலு பெயர் எழுதியாகிவிட்டது. ஐந்தாவதைப் பற்றி இன்றைக்கு எழுதப் பிடிக்கவில்லை.

8 ஜூலை, ஞாயிறு

சுமலதா வந்தாள். அழுவாள், காலில் விழுவாள் என்று பார்த்தேன். இல்லை. வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டே பேசினாள்.

"ஆயா, பதினெட்டாந் தேதி கோர்ட்ல நீங்கதான் மொதல் சாட்சி. நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. அது போதும்."

"உங்கப்பன் அனுப்பினானா?"

"அவருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. அவருக்காக நான் கேக்கல. அவரு எறிஞ்சாரு, அத நீங்க சொல்லுங்க. எனக்கு மட்டும் கேக்கறேன்." என் புருவத்தைப் பார்த்தாள். "ஏழு தையல் போட்டாங்க உங்களுக்கு. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

ஏழுதான். என் மகன் ஐந்து என்பான், சந்திரகலா ஆறு என்பாள். ஏழு என்று சரியாகச் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

கதவைச் சாத்தினேன்.

10 ஜூலை, செவ்வாய்

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

கல் விழுந்தபோது சுமலதா அங்கே இல்லை. நர்ஸ் படிப்புக்காகக் காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி போய்விட்டாள். என்னை ரத்தத்தோடு கொண்டுபோய்ப் படுக்க வைத்தபோது என் தலையைப் பிடித்துக்கொண்டது அவள்தான். "கண்ண மூடிக்குங்க ஆயா, முடிஞ்சிடும்" என்றாள். அந்தக் கை நடுங்கவில்லை.

அதுதான் எனக்கு ஆத்திரம். அப்பன் உடைப்பான், மகள் தைக்க உட்காருவாளா? மனு எழுதுகிறவர் கேட்டபோது அவள் பெயரையும் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன்.

அவள் அன்றைக்கே போலீசில் சொல்லிப் பார்த்தாள். கோர்ட்டில் சொல்லிக்கொள் என்றுவிட்டார்கள். மூன்று வருடமாகப் பதினோரு வாய்தா. ஒன்றுக்கும் நான் போகாமல் இருந்ததில்லை. கோர்ட்டு ஆள் வராண்டாவில் "சுமலதா... சுமலதா... சுமலதா..." என்று கூப்பிடுவதைக் கேட்க எனக்கு இனிப்பாக இருந்தது. இருந்ததா? இருந்தது.

12 ஜூலை, வியாழன்

குழாயடியில் முத்தம்மாள், யாரிடமோ சொல்லுகிற மாதிரி: "படுத்த படுக்கையா கெடக்கறப்ப புத்தி வரும் பாரு. எம் பொண்ணு வந்துதான் தொடைக்கணும்."

"உம் பொண்ணு கையால தொடைக்கறதுக்கு நான் நாறியே போறேன்டி" என்றேன். குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாதிக் குடம்தான்.

நன்றாக இருந்தது. வந்த கொஞ்ச மனசும் போயிற்று. ஐந்து பேரும் இருந்தார்கள் என்றே சொல்லப் போகிறேன். எழுதிக்கொள்ளட்டும்.

17 ஜூலை, செவ்வாய்

நாளைக்கு. கோர்ட்டுக்குக் கட்டுகிற புடவையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

18 ஜூலை, புதன்

கூண்டில் ஏறுமுன் சர்க்கார் வக்கீலிடம் போய், ஐந்தாவது பெயர் மட்டும் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்றேன். ஏன் கேட்டேன்? வாய் கேட்டுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு பேரு பொய்யின்னா மத்த நாலு பேர எப்பிடிம்மா நம்புவாங்க? மொத்த கேஸும் படுத்துடும். மனுவுல இருக்கறபடியே சொல்லு."

சரி என்றுதான் ஏறினேன்.

யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். பாலகுரு நீலக் கைலி, வலது கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கலைவாணன் சட்டை இல்லாமல். முத்தம்மாள் கிளிப்பச்சைப் புடவை, முந்தானை இடுப்பில். வீராயி கம்பு ஊன்றிக்கொண்டு, வாயில் வெற்றிலை. கடகடவென்று சொன்னேன். ஜட்ஜையாவே நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சாவது எதிரி? சுமலதா?"

அவள் என்ன கட்டியிருந்தாள்? மணல் மேட்டில் தேடினேன், தேடினேன், அவள் எங்குமே இல்லை. எனக்குத் தெரிவதெல்லாம் கட்டிலும், வெள்ளை உடுப்பும், மார்பில் தெறித்த சிவப்பும். ஏதோ ஒரு புடவை நிறம் சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? என் வாய்க்கு வரவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னால் மற்ற நாலும் என்ன ஆகும், நான்தான் என்ன ஆவேன்?

"வெள்ள உடுப்பு. அதுல எம் ரத்தம். ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு இருந்தா ஐயா. மேட்டுல அவ இல்ல. பேர சேத்தது நான்தான்."

சர்க்கார் வக்கீல் கேஸ் கட்டைப் பட்டென்று மூடினார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இப்பிடித்தான் மத்த நாலும் சேத்ததா?" என்றான். "நாலும் நெஜம்டா" என்று கத்தினேன். மரியாதையாகப் பேசு என்றார்கள். பொய் மனு கொடுத்ததற்கு என்னையே உள்ளே தள்ளலாம் என்றும் சொன்னார்கள். தள்ளட்டும்.



27 ஜூலை, வெள்ளி

ஐந்து பேருக்கும் விடுதலை. என் வார்த்தையை நம்ப முடியாதாம். என் வார்த்தையை! என் பேரில் வேறு நடவடிக்கை இல்லை, கண்டித்து விட்டுவிட்டார்கள்.

பாலகுரு வாசலில் ஆயிரம் வாலா வெடித்தான். காகிதக் குப்பை என் வாசல் வரைக்கும் வந்தது. ஒன்றுவிடாமல் பெருக்கி அவன் வாசலிலேயே தள்ளினேன். எறிந்தது அவன்தான். செத்தாலும் சொல்வேன்.

30 ஜூலை, திங்கள்

ராமலிங்கம் வண்டியில் போகிறபோது நிறுத்திச் சொன்னார்: "கேஸ் இல்லன்னு எழுதி ஆஸ்பத்திரிக்குப் பேப்பர் போயிடுச்சும்மா." யார் கேட்டார்கள் இவரை?

20 ஆகஸ்ட், திங்கள்

சுமலதா காலை ஆறே காலுக்கு முதல் டூட்டிக்குப் போனாள். புது வெள்ளை உடுப்பு, கஞ்சி மடிப்புக் கலையாமல். வீடு வீடாக நின்று சொல்லிக்கொண்டு போனாள். என் வாசலில் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா அத்தை, நன்றி இருக்குதா?" என்றாள் சந்திரகலா.

பதினோரு வாய்தா. நானாக இருந்தாலும் நிற்க மாட்டேன்.