இரண்டு கம்பங்கள்

ஆர்லனுக்கு,

ஃப்ரீசரில் இன்னொரு டப்பா பைரோகிக் கொழுக்கட்டை இருக்கிறது. வெங்காயம் வதக்கிப் போட்டுக்கொள். நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். கோபித்துக்கொண்டு வரவில்லை. நமக்குள் சண்டை என்று எதுவும் இல்லையே.

உன் ஓய்வு விருந்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னாயே: "பதினெட்டு வருஷம் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரா இருந்ததுல என் முதுகுக்குப் பின்னாடி நின்னது இந்த ரெண்டு கோல் கம்பம்தான். இதுங்க இல்லன்னா நான் ஒண்ணுமே இல்ல!" கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்திலிருந்த என் தோழி டார்லீன் என் காதில், "அடியே, உனக்கு ரெண்டு சக்களத்தியா?" என்றாள். சிரித்துவைத்தேன்.

அணிக்காரர்கள் அந்தக் கம்பங்களையே பரிசாகக் கொடுத்தார்கள். காரைப் பனியில் நிறுத்திவிட்டு, அவற்றைக் கராஜில் நட்டாய். தினமும் காலையில் காபியோடு போய் இடது கம்பத்தை ஒருமுறை தட்டுவாய், வலதை ஒருமுறை தட்டுவாய். என்னைத் தொட்டு எழுப்பி எத்தனை காலமாயிற்று என்று நான் கேட்கவில்லை. இரும்போடு போட்டி போட எனக்கென்ன பைத்தியமா?

நேற்று கராஜில் பெட்டியோடு உன் பின்னால்தான் நின்றேன். நீ திரும்பவில்லை. கோல்கீப்பர் திரும்ப மாட்டான். ரப்பர் வட்டு வரும் திசையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையைப் பின்னால் நீட்டி, கம்பம் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பான். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது ஒருதரம் கையை நீட்டிப் பார்.

இப்படிக்கு,
இத்தனை வருஷம் நகராமல் நின்றவள்