மாப்பிள்ளை வரும்போது மட்டும் ஓடிய டிரையர்

நவம்பர் 9, ஞாயிறு

மழை. பெருங்களத்தூரிலிருந்து அஸ்தினாபுரம் போய்ச் சேர்வதற்குள் ரெயின்கோட்டுக்கு உள்ளேயும் மழை. மனைவி சோயா பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து வெள்ளியும் ஞாயிறும் எனக்கு இந்தப் பயணம்தான். மகள் கைனாத் பிறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது.

வழக்கம் போல மாமி ஜெய்னப், "வாங்க மாப்ள, உட்காருங்க" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஃபேனைப் போட்டார். நனைந்து நடுங்கி வந்தவனுக்கு ஃபேன்! மாமா ஷாகுல் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். ஆபீஸ் எப்படி, ரோடு எப்படி என்று விசாரித்தார். போன வாரமும் இதையேதான் விசாரித்தார். இடியாப்பம், பாயா, அதற்கு மேல் ஒரு கிண்ணம் பால் சேமியா. கடைசியில் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். லேசாகச் சிணுங்கினாள். உடனே மாமி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை சட்டை வீணாகிவிடுமாம். ஆகட்டுமே! நான் பாயா சாப்பிடவா வந்தேன்?

ஒரே ஆறுதல், சமையலறைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிரையர். மழையில் குழந்தைத் துணி காயாதே என்று நானே தேடி வாங்கிக் கொடுத்தது. அந்தச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

நவம்பர் 12, புதன்

போனில் சோயா: "வர்றீங்க, சாப்பிடுறீங்க, போறீங்க. பிள்ளைக்கு அப்பா வாசனைகூடத் தெரியாது."

நான் என்ன பண்ணட்டும்? உங்க வீட்டுல என்னை உட்காரத்தானே விடுறாங்க! சொன்னேன். வைத்துவிட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

ஜும்மா முடிந்து நேரே அங்கே போனேன். நான் கை கழுவ எழுந்தால், அதற்குள் மாமா செம்பும் தாம்பாளமுமாக வந்து நிற்பார். இந்த வீட்டின் பின்பக்கத்தை நான் பார்த்ததே அதிகம் இல்லை. இன்று அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நானே போனேன்.

டிரையர் ஓடிக்கொண்டிருக்கிறது. குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு துணி இல்லை. டிரம் சுற்றவும் இல்லை. மோட்டார் மட்டும் சும்மா உறுமுகிறது.

பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னல் கம்பி, கட்டில் தலைமாடு, கதவு மேலே — எங்கே பார்த்தாலும் குழந்தையின் இடுப்புத் துணி. மாமி தரையில் உட்கார்ந்து ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு!

சோயாதான் சொன்னாள். பெல்ட் அறுந்துபோய் நாளாகிறதாம். மெக்கானிக், மழை விடட்டும் என்கிறாராம். "மாப்ள ஆசையா வாங்கிக் குடுத்தது. கெட்டுப்போச்சுன்னா மனசு வாடிடும். யாரும் வாயத் திறக்கக் கூடாது" — இது மாமாவின் உத்தரவு. தெருமுனையில் என் பைக் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் சுவிட்சைப் போடுவதும் அவர்தான்.

சிரிப்பு வந்தது. பைக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. ஏன் மாமா, நான் என்ன கலெக்டரா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மாமி முட்டி வலியோட தரையில உக்காந்து — என் பிள்ள துணிய — எனக்கே தெரியாம... இவ்வளவு பிரியம் வைத்திருப்பவர்கள் என்னை ஏன் இப்படித் தள்ளியே வைத்திருக்கிறார்கள்?

நவம்பர் 15, சனி

அறுந்த பெல்ட்டை நேற்றே சோயா என் பையில் போட்டுவிட்டாள். மாமா அதைச் செருப்புத் தைக்கும் நூலால் தைத்துப் பார்த்திருக்கிறார்! குரோம்பேட்டை ஸ்பேர்ஸ் கடைக்காரர் ரத்தினம் அந்தத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஆப்ரேசன் பண்ணிக்கீறீங்க?" என்றார். நம்பர் அழிந்திருந்தது. நீளத்தை வைத்துப் பார்த்து, பெல்ட்டின் ஒரு பக்கம் கோடு கோடாக ஓடும் வரிகளை எண்ணிப் பார்த்து, புதுசு எடுத்துக் கொடுத்தார்.

"வரி கீற பக்கம் உள்ளார போவணும் சார். ஒண்டியா பண்ணாதீங்க. ஒர்த்தர் டிரம்ம தூக்கிக்கினா ஒர்த்தர் மாட்டணும்."

நவம்பர் 16, ஞாயிறு

"மாமா, ஒரு கைலி குடுங்க" என்றேன்.

வீடே அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ, நீங்க உட்காருங்க மாப்ள, மெக்கானிக் வருவாரு" என்று மாமி கெஞ்சினார். நான் சட்டையைக் கழற்றிவிட்டேன். என் கையில் பெல்ட்டைப் பார்த்ததும் மாமா, பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தனியா முடியாது மாமா. நீங்க பிடிக்கணும்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியையும் பக்கத் தகட்டையும் கழற்றினோம். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. அவர் டிரம்மைத் தூக்கிப் பிடிக்க, நான் தரையில் ஒருக்களித்துப் படுத்து பெல்ட்டைச் சுற்றினேன். அவ்வளவு கேட்டுக்கொண்டு வந்தும் முதலில் வரிப் பக்கத்தை வெளியே வைத்துவிட்டேன். வழுக்கியது. திருப்பிப் போட்டால், மோட்டார் சக்கரத்தில் மாட்டும்போது கையை விட்டு நழுவியது. மறுபடியும். டிரம் கனம் மாமாவுக்குத் தாங்கவில்லை. கத்தினார்.

"டேய், இழுடா! இழுத்து மாட்றா!"

மாட்டிவிட்டேன்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "மாப்ள, தெரியாம வாய்ல..." என்று ஆரம்பித்தவரை முடிக்க விடவில்லை. "இப்படி ஒரு தடவ கூப்பிட மாட்டீங்களான்னுதான் மாமா இருந்தேன்" என்றேன். அவர் தோள் துண்டால் என் நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துவிட்டார்.

டிரம் சுற்றியது. மாமி துணிகளை அள்ளிக்கொண்டு வந்து போட்டார். ஜிஎஸ்டி ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று சோயா சொன்னாள். உண்மையா என்று நான் கேட்கவில்லை. தங்கிவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

இங்கிருந்தே ஆபீஸ் போய் வருகிறேன். மாமா பனியனோடு நடமாடுகிறார். மாமி இன்னும் முக்காட்டை விடவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மாமி பேத்திக்குப் பின்னிய கம்பளிக் குல்லாவை மற்ற துணிகளோடு டிரையரில் போட்டுவிட்டேன். வெளியே வந்தபோது எலுமிச்சம்பழத்துக்குத்தான் மாட்டலாம்.

"கண்ண எங்கப்பா வச்சிருந்தே? கம்பளியப் போய் யாராவது இதுல போடுவாங்களா? எத்தன நாளு உக்காந்து பின்னினேன் தெரியுமா?" பக்கத்து வீட்டுத் தபீதாள் அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குத் திட்டு. நான் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். சோயா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

நடுவில் கைனாத் விழித்து வீறிட்டாள். மாமி திட்டுவதை நிறுத்தவே இல்லை. திட்டிக்கொண்டே போய் அவளைத் தூக்கி வந்து என் தோளில் போட்டார். "நனைச்சிருக்கா பாரு, துணிய மாத்து" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மீன் கழுவப் போய்விட்டார்.