சாமி அறையில் பெட்ரோல்

ஆடி வெள்ளி, இரவு.

பெட்ரோல் கிடைக்காமல் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். இவர் இரண்டு கேன் நிறைய வாங்கி வந்து சாமி அறையில் வைத்துவிட்டார்.

“இன்னாங்க இது? இங்க எப்டி வெளக்கு ஏத்துவேன்?”

“வெளிய வெச்சா எவனாச்சும் தூக்கினு பூடுவான். வண்டி ஓடலன்னா உன் மாரியாத்தாவா வந்து என்னிய வேலைக்குத் தூக்கினு போவும்? பல்பு போடு.”

என்ன வாய் இது! நான்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மன் படத்தைக் கழற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் விளக்கேற்றினேன். ஏற்ற ஏற்ற ஆடிக்காற்று அணைத்தது. பக்கத்து வீட்டுக்காரி, “இன்னாக்கா, ஆத்தாள காத்தாட இட்டுகினு வந்தியா?” என்று சிரித்தாள்.

எரியாத விளக்கோடு இறங்கி வந்தேன். இப்போது அம்மன் என் தலைமாட்டில். பெட்ரோல்தான் சாமி அறையில் பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.