பாலத்திலிருந்து குதித்தவர்

சென்னை
6.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கால்வலி தேவலையா?

நீங்கள் பேசி வாங்கித் தந்த படத்தை விட்டுவிட்டேன். கோபப்படாமல் படியுங்கள். நடனம், டிவி நிகழ்ச்சி, ஓடாமல்போன அந்த ஒரே கதாநாயகி வேடம் என்று எங்கே போனாலும் நான் 'கராத்தே சதாசிவன் பொண்ணு'தான். என் பெயரை யாரும் கேட்டதில்லை. எட்டு வருடத்தில் ஏழு வீடு மாறிவிட்டேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

இப்போது ஸ்டண்ட் குழுவில் டூப்பாகச் சேர்ந்திருக்கிறேன். கதாநாயகிக்குப் பதிலாக நான் விழுகிறேன். முகம் தெரியாது. அதுவே பெரிய ஆறுதல்.

அடுத்த மாதம் பாலத்திலிருந்து ஓடும் லாரிமேல் குதிக்க வேண்டும். 1996இல் உங்கள் படத்தில் டூப் இல்லாமல் நீங்களே குதித்தீர்களே, அதே மாதிரி. கால் எப்போது மடங்க வேண்டும் அப்பா? சொல்லித் தாருங்கள்.

தன்யா


குளத்தூர்
14.1.2025

மகள் தன்யாவுக்கு,

அம்மா நொண்டிக்கொண்டுதான் நடக்கிறாள். "மக வந்தா எனக்கு வலியெல்லாம் மாறிப்போவும்" என்கிறாள். பாறசாலை கராத்தே கிளாசுக்கு நாற்பது பேர் வருகிறார்கள். பிப்ரவரியில் நெய்யாற்றின்கரையில் எனக்குப் பாராட்டு விழா. நீ மேடையில் என் பக்கத்தில் இருப்பாய் என்று சொல்லிவிட்டேன்.

டூப் வேலை வேண்டாம். அடுத்தவருக்காக எலும்பை முறித்துக்கொள்ளவா உன்னை வளர்த்தேன்? லாரிக் காட்சியைப் பற்றி இனிமேல் கேட்காதே.

அப்பா


சென்னை
2.2.2025

அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லித் தராததால் எங்கள் ஸ்டண்ட் மாஸ்டரிடம் கேட்டேன். "உங்கப்பாவா? குதிச்சது கிளீட்டஸும்மா" என்றார்.

உங்களோடு சண்டைக் காட்சிகளில் நடித்த அந்தக் கிளீட்டஸ் மாமனின் விலாசத்தை அவரிடமே வாங்கிக்கொண்டு மறுநாளே ரயிலேறினேன். அமரவிளை வரை வந்தேன். வீட்டுக்கு வர மனமில்லை. மாமன் அந்தக் குதிப்பில் இடுப்பு உடைந்த நாளிலிருந்து ஊன்றுகோலோடுதான் நடக்கிறாராம். அவர் மனைவி லில்லிக்குட்டி மாமி முதலில் கதவையே திறக்கவில்லை. மாமன்தான், "சதாசிவனுக்க மகளாக்கும், உள்ள விடு" என்றார்.

மாமன் உங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "சண்டையில அவன் அடிச்ச அடியெல்லாம் உள்ளதாக்கும் மக்கா. பாலத்துல மட்டும் அவனுக்குக் காலு வெறச்சுப்போச்சு. சட்டைய மாத்தி நான் ஏறினேன்" என்றார். பிறகு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலைப் பிடித்தபடி, கால் எப்படி மடங்க வேண்டும் என்று செய்து காட்டினார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயந்தது தப்பில்லை அப்பா. நானும் பயப்படுகிறேன். ஆனால் இருபத்தொன்பது வருடம், ஐந்து கிலோமீட்டர் தூரத்தில், ஒரு தடவைகூட நீங்கள் போகவில்லையே!

பதினோராம் தேதி குதிக்கிறேன். விழாவுக்கு வர மாட்டேன்.

தன்யா


குளத்தூர்
20.2.2025

மக்கா,

நீ குதித்தாயா, கால் எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அம்மா சாப்பிடாமல் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருக்கிறாள்.

அவன் விழுந்த அன்று ஆஸ்பத்திரி வரை போனேன். வெளியே பத்திரிகைக்காரர்கள், "நீங்களா குதிச்சீங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்குப்பிறகு எந்த முகத்தோடு உள்ளே போவது?

போன வாரம் இரண்டு தடவை அமரவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது தடவை போய்விட்டேன். லில்லிக்குட்டி என்னை உட்காரச் சொல்லவில்லை. கிளீட்டஸ் என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எலே, பிள்ள குதிச்சாளா? அடி ஒண்ணும் பற்றலியே?" என்றுதான் கேட்டான். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

விழா மேடையில் மைக்கைப் பிடித்து அவன் பெயரைச் சொன்னேன். குதித்தது அவன், நான் அல்ல என்றேன். கைதட்டல் இல்லை. பொன்னாடையோடு வந்தவர் அதைப் போடுவதா வேண்டாமா என்று நின்றார். இப்போது கிளாசுக்குப் பதினோரு பேர் வருகிறார்கள்.

ஒரு வரி எழுது.

அப்பா


சென்னை
27.2.2025

அப்பா,

குதித்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை, இரண்டாவதில் ஓகே சொன்னார்கள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நான் முதலில் அமரவிளைக்குப் போவேன். நீங்கள் அங்கே இருங்கள். மாமி உட்காரச் சொல்லாவிட்டாலும் இருங்கள்.

தன்யா